ஸ்பிண்டில் நிற்கும்போது வந்த அலாரம்



மதரஸாவில் பாடம் நடத்தும் நாம் இயந்திரப் பழுதைப் பற்றி எழுதுவது வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். எமது இளைய சகோதரர் கோவை கணபதியில் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறார். அஸருக்குப் பின் அங்கு சென்று கணக்கு எழுதிக் கொடுப்பது எமது வழக்கம். நம் குடும்பங்கள் பலவற்றில் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் சி.என்.சி. இயந்திரங்களில் வேலை பார்க்கின்றனர். சிலர் சொந்தமாகவே பட்டறை வைத்துள்ளனர். அவர்களுக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தில், அங்கு நேர்ந்த ஒரு பழுதையும் அது கண்டறியப்பட்ட விதத்தையும் எழுதுகிறோம்.

அப்பட்டறையில் உள்ள மில்லிங் இயந்திரம் 20 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. ஒருவர் ஓட்டிய பின் வாங்கியது. பம்பு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுத்து அக்குடும்பத்திற்குச் சோறு போடுவது அதுவே. வெட்டும் கருவியைப் பிடித்துச் சுழலும் தண்டை ஸ்பிண்டில் என்பர். அதன் மோட்டாருக்கு, வேண்டிய வேகத்திற்கேற்ப மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டிக்கு டிரைவ் என்று பெயர். சென்ற ஆண்டு இந்த டிரைவ் அலாரம் காட்டி நிற்கத் தொடங்கியது. முதலில் நாளுக்கு ஒருமுறை நின்றது. பின்னர் மணிக்கு ஒருமுறை. ரீசெட் செய்தால் ஓடும். சிறிது நேரத்தில் மீண்டும் நிற்கும்.

அலாரம் பெரும்பாலும் இரவு ஷிப்டிலேயே வந்தது. அந்த ஷிப்டில் இயந்திரத்தை ஓட்டியவர் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளைஞர். "எமர்ஜென்சி பட்டனை அடிக்கடி அமுக்கியிருப்பான்" என்றார் ஒருவர். "கூலன்ட்டை எங்காவது கொட்டியிருப்பான்" என்றார் மற்றொருவர். பழுது பார்க்க வந்த ஒருவர் பத்து நிமிடத்தில் டிரைவ் போய்விட்டது என்று சொல்லிச் சென்றார். அந்த வகை டிரைவ் இப்போது தயாரிப்பில் இல்லை. பழையதைத் தேடி வாங்கினாலும் பட்டறையின் மூன்று மாத வருமானம் கரைந்துவிடும். அந்த இளைஞரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம் என்ற பேச்சும் எழுந்தது. அவர் வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவரே.

முடிவெடுக்கும் முன், பஞ்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைச் சகோதரர் அழைத்து வந்தார். அவர் பேனலைத் திறக்கவில்லை. அந்த இளைஞரை அழைத்து, "தம்பி, அலாரம் எப்ப வருது? ஸ்பிண்டில் கிளம்பும்போதா, வெட்டும்போதா, நிக்கும்போதா?" என்று கேட்டார்.

"நிக்கும்போதுங்க ஐயா. டூல் மாத்த நிக்கும்போது மட்டும்தான் வருதுங்க" என்றார் அவர். அதுவரை ஒருவரும் அவரிடம் இதைக் கேட்டிருக்கவில்லை.

பெரியவர் எமக்கு விளக்கியது இது. டிரைவுக்குள் வரும் 415 வோல்ட் மும்முனை மின்சாரம் முதலில் நேர்மின்சாரமாக மாறுகிறது. அதன் அளவு ஏறத்தாழ 585 வோல்ட். அது கெப்பாசிட்டர்களில் தேங்கி நின்று, அங்கிருந்து மோட்டாருக்குப் போகிறது. ஸ்பிண்டிலைச் சட்டென்று நிறுத்தும்போது, சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. உள்ளே வோல்ட்டேஜ் ஏறுகிறது. ஏறும் மின்சாரத்தை வெப்பமாக எரித்துத் தீர்ப்பதற்கு பிரேக் ரெசிஸ்டர் என்ற உறுப்பு உண்டு. அந்த வழி அறுந்துவிட்டால் வோல்ட்டேஜ் எல்லை மீறும். டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். கையேட்டில் பார்த்தபோது அந்த அலாரம் எண்ணுக்குரிய பொருளும் மிகை வோல்ட்டேஜ் என்றே இருந்தது.

கிளம்பும்போதே அலாரம் வந்தால் மோட்டாரின் இன்சுலேஷனையும் டிரைவின் பவர் மாட்யூலையும் சந்தேகிக்க வேண்டும். வெட்டும்போது வந்தால் மழுங்கிய கருவி, பேரிங், பெல்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நிற்கும்போது வந்தால் பிரேக் ரெசிஸ்டரின் வழியில் தேடலைத் தொடங்க வேண்டும்.

பெரியவர் ஒரு சோதனை செய்தார். ஸ்பிண்டில் நிற்க எடுக்கும் நேரம் 3 வினாடி என்று இருந்ததை எழுதி வைத்துக்கொண்டு, அதை 12 வினாடியாக மாற்றினார். 20 முறை ஓட்டி நிறுத்தியும் அலாரம் வரவில்லை. "அப்படியே விட்டுவிடலாமே" என்றார் சகோதரர். பெரியவர் உடன்படவில்லை. ஒவ்வொரு டூல் மாற்றத்திலும் நேரம் வீணாகும். மரை போடும்போது ஸ்பிண்டில் சட்டென்று நின்று திரும்பிச் சுழல வேண்டும். 12 வினாடி என்பது பழுதைத் தேட மட்டுமே.

பிறகு மெயினை அணைத்துப் பூட்டினார். டிரைவின் மூடியில் எழுதியிருந்த நேரம் முழுதும் காத்திருந்து, மீட்டர் வைத்து வோல்ட்டேஜ் இறங்கிவிட்டதை உறுதி செய்த பின்னரே கை வைத்தார். மெயினை அணைத்த பின்பும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். இளைஞர்கள் இதை ஒருபோதும் மறக்கலாகாது. பயிற்சி இல்லாதவர்கள் பேனலைத் தொடவே கூடாது.

ரெசிஸ்டரின் மேல் 40 ஓம் என்று பொறித்திருந்தது. ஒயரைக் கழற்றி அளந்தபோது மீட்டரும் ஏறத்தாழ அதையே காட்டியது. அது நலமாகவே இருந்தது. அதற்குச் செல்லும் ஒயரின் முனையில் இருந்த லக் கருகிப் போயிருந்தது. திருகு தளர்ந்து, சூடேறி, இழைகள் விட்டுப் போயிருந்தன. புதிய லக் வைத்து இறுக்கினார். மோட்டார் ஒயர்களை டிரைவிலிருந்து கழற்றிவிட்டு, மெக்கரால் இன்சுலேஷனையும் பார்த்தார். கழற்றாமல் மெக்கர் வைத்தால் டிரைவே எரிந்துவிடும் என்றார். நேரத்தை மீண்டும் 3 வினாடியாக மாற்றி ஓட்டினார்கள். அலாரம் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ், இன்று வரை வரவில்லை.

செலவு ஒரு லக்கும் பெரியவரின் ஒருநாள் கூலியும் மட்டுமே. புதிய டிரைவை வாங்கி மாட்டியிருந்தால், கருகிய அதே ஒயரோடு அதுவும் அலாரம் காட்டியிருக்கும்.

இரவு ஷிப்டில் மட்டும் ஏன் அதிகம் வந்தது? பகலில் ஓடிய வேலைக்கு 2 டூல்கள்; இரவு வேலைக்கு 7 டூல்கள். இரவில் ஸ்பிண்டில் பன்மடங்கு அதிகமாக நின்று நின்று ஓடியது. அந்த இளைஞர் தமக்குக் கொடுத்த வேலையைச் செய்தார். அதனாலேயே சந்தேகம் அவர்மீது விழுந்தது. சகோதரர் எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் வருத்தம் தெரிவித்தார்.

இப்போது இயந்திரத்தின் அருகே ஒரு நோட்டு தொங்குகிறது. அலாரம் எண், அது வந்த தருணம், ஸ்பிண்டில் வேகம், எந்த டூல், எத்தனை மணி ஆகியவற்றை எழுதிய பின்னரே ரீசெட் செய்ய வேண்டும். பட்டறை வைத்திருக்கும் சகோதரர்கள் இன்றே இப்படி ஒரு நோட்டை வாங்கி வையுங்கள். அடுத்த முறை இயந்திரம் நிற்கும்போது, அதை ஓட்டிய பிள்ளையிடம் முதலில் "எப்போது நின்றது?" என்று கேளுங்கள்.