பிரிஜிட் – ஒரு பெயரின் ஏற்றமும் இறக்கமும்

மனிதர்களைப் போலவே சில பெயர்களும் வாழ்ந்து கெட்டிருக்கின்றன. அயர்லாந்தின் பிரிஜிட் என்ற பெண் பெயர் அப்படி ஒன்று. ஒரு காலத்தில் குழந்தைக்கு வைக்கவே பயந்தார்கள், அவ்வளவு புனிதம். இன்னொரு காலத்தில் வெளியே சொல்லவே கூசினார்கள், அவ்வளவு கேலி.

முதலில் அர்த்தம். பிரிஜிட் என்றால் 'உயர்ந்தவள்'. கெல்டிக் மொழிகளும் சமஸ்கிருதமும் ஒரே பெரிய மொழிக்குடும்பம் என்பதால் இதற்கு ஒரு தூரத்து உறவும் உண்டு. சமஸ்கிருதத்தின் 'பிருஹதி' என்ற சொல் இதே வேரில் பிறந்தது. அதன் இன்னொரு வடிவமான 'பிருஹத்'தான் தஞ்சாவூர் பிரகதீஸ்வரர் பெயரில் இருக்கிறது. அயர்லாந்து எங்கே, தஞ்சாவூர் எங்கே!

கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே இந்தப் பெயரில் அங்கே ஒரு தெய்வம் இருந்தது. சுமார் 900-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பழைய ஐரிஷ் சொற்பொருள் நூல், தாக்டா என்ற தேவனுக்கு மூன்று மகள்கள், மூவர் பெயரும் பிரிஜிட் என்கிறது. ஒருத்தி கவிதைக்கு, ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லர் தொழிலுக்கு.

அடுத்து வந்தவர் புனித பிரிஜிட். 5-ஆம் நூற்றாண்டில் பிறந்து கில்டேரில் துறவு மடம் அமைத்தவர் என்பது மரபு. அவருடைய திருநாள் பிப்ரவரி 1. வசந்தத்தை வரவேற்கும் பழைய இம்போல்க் பண்டிகையும் அதே நாள்தான். தெய்வமே புனிதராக மாறியதா, இல்லை இருவரும் வேறு வேறா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு புகழ் இருந்தும் அந்தக் கால ஐரிஷ்காரர்கள் பெண் குழந்தைகளுக்கு இந்தப் பெயரை நேரடியாக வைக்கத் தயங்கினார்கள். அது புனிதரின் பெயராயிற்றே! பதிலாக ஆண் பிள்ளைகளுக்கு 'பிரிஜிட்டின் அடியான்' என்று பொருள்படும் பெயர்களை வைத்தார்கள். நம் ஊர் தாசன், அடியான் மாதிரி. கில்பிரைட் என்ற குடும்பப் பெயர் அப்படி வந்ததுதான்.

பிற்காலத்தில் அந்தத் தயக்கம் போய், பெயர் வீட்டுக்கு வீடு பரவியது. ஐரிஷில் 'பிரீட்', ஆங்கிலத்தில் 'பிரிட்ஜெட்'. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தில் மிகப் பரவலாக இருந்த பெண் பெயர்களில் இதுவும் ஒன்று.

சறுக்கல் வந்தது கடலுக்கு அப்பால். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் தொடங்கியது. சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதைவிட அதிகமானோர் நாட்டை விட்டே போனார்கள். அமெரிக்க நகரங்களுக்குப் போன இளம்பெண்களில் ஏராளமானோருக்குக் கிடைத்தது வீட்டு வேலை. அவர்களில் பிரிட்ஜெட்டுகள் நிறைய. விளைவு, எந்த ஐரிஷ் வேலைக்காரப் பெண்ணும் எஜமானர்களுக்கு 'பிரிட்ஜெட்' ஆனாள், இல்லாவிட்டால் 'பிட்டி'. அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்பதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை. பத்திரிகைக் கேலிச்சித்திரங்களிலோ பிரிட்ஜெட் என்றால் பாத்திரத்தை உடைப்பவள், சமைக்கத் தெரியாதவள், எஜமானியோடு மல்லுக்கு நிற்பவள்.

அந்தப் பெண்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். தம்பி தங்கைகளுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். பல குடும்பங்கள் அந்தப் பணத்தில்தான் பிழைத்தன. ஆனால் கேலிச்சித்திரத்தில் அதெல்லாம் வருமா? கடைசியில் பல பிரிட்ஜெட்டுகள் தங்களை டீலியா, பெர்த்தா என்று மாற்றிக்கொண்டார்கள். தங்கள் பெண்களுக்கு அந்தப் பெயரை வைக்கவும் விரும்பவில்லை. தெய்வத்தின் பெயரையே சுமையாக நினைத்து இறக்கி வைக்க வேண்டியிருந்தது என்றால், அந்தச் சமையலறைகளில் அவர்கள் எத்தனை பட்டிருப்பார்கள்!

இத்தனைக்கும் பிறகு பெயர் சாகவில்லை. பிரான்சில் பிரிஜித், சுவீடனில் பிர்கிட்டா என்று அதன் உறவுப் பெயர்கள் கௌரவமாகவே வாழ்ந்தன. அயர்லாந்தில் 2023 முதல் பிப்ரவரித் தொடக்கத்தில் புனித பிரிஜிட் நாள் அரசு விடுமுறை. அந்த நாட்டில் ஒரு பெண்ணின் பெயரில் வந்த முதல் அரசு விடுமுறை அதுதான். இன்று பிறக்கும் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்படும் பெயர்களில் இது இல்லை. ஆனாலும் அந்த நாளில் கோரைப்புல்லில் பிரிஜிட் சிலுவை பின்னக் கற்றுக்கொள்ளும் குழந்தைகளுக்கு, இதில் கூச்சப்பட என்ன இருந்தது என்றே புரியாது.

'உயர்ந்தவள்' என்ற அர்த்தம் இத்தனை நூற்றாண்டுகளில் ஒரு நாளும் மாறவில்லை. மாறியதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களின் குரல்தான்.