வடக்கு ஜன்னலும் ஊருணித் தண்ணீரும்

காரைக்குடி

சிரஞ்சீவி பேரனுக்குச் சின்னத் தாத்தா ஆசீர்வாதம்.  

டொரண்டோவில் நீ குடியிருக்கும் வீட்டின் பேஸ்மென்ட் அறையில், ஒரு கேமராவையும் இரண்டு விளக்குகளையும் மட்டும் வைத்துக்கொண்டு போட்டோத் தொழில் ஆரம்பித்திருப்பதாகவும், இதைவிடச் சொற்பமான சாதனங்களோடு உன் கொள்ளுத் தாத்தா எங்ஙனம் ஒரு பெரிய குடும்பத்தைக் காப்பாற்றினார் என்று அறிய விரும்புவதாகவும் எழுதியிருந்தாய். என் தகப்பனாரான அவருடைய ஸ்டுடியோவில் சிறுவயது முதல் கையாளாக இருந்தவன் நான். ஆகையால் எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

இந்த வித்தை நம் பக்கத்துக்கு வந்தபோது சர்க்காரின் பெருஞ்செலவில்தான் வந்தது. 1839-இல் பாரிஸில் வெளியான கலைக்குச் சென்னையில் 1856-இலேயே ஒரு சங்கம் தோன்றிவிட்டது. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபர் என்ற பதவியோடு, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களுக்குச் சென்று எடுத்த படங்களின் அழகை இன்றும் ஒருவர் விஞ்சியதாக நான் கருதவில்லை. ஆனால் அடுத்து வந்த கவர்னர் டிரெவெலியன் அதை ஆடம்பரச் செலவென்று சொல்லி நிறுத்திவிட்டார். அரசாங்கத்துக்கே ஆடம்பரமாகத் தோன்றிய தொழிலைச் சிற்றூர் மனிதர் ஒருவர் வாடகை அறையில் நடத்த முடிந்ததற்குக் காரணம், 1871-இல் ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் ஜெலட்டின் பூசிய உலர்ந்த கண்ணாடி பிளேட்டுக்கு வழி கண்டுபிடித்ததே. அதன் பிறகுதான், எடுக்குமிடத்திலேயே ரசாயனத்தைப் பூசி, ஈரம் காயுமுன் கழுவி முடிக்கும் அவஸ்தை நீங்கி, பிளேட்டுகளைப் பெட்டியாக வாங்கி வைத்துக்கொண்டு வாடிக்கைக்காரருக்காகக் காத்திருப்பது சாத்தியமாயிற்று.

நம் ஸ்டுடியோ அறையின் நீளம் 12 அடி, அகலம் 9 அடி. ஒருவரைத் தலைமுதல் பாதம்வரை, மேலும் கீழும் சற்று இடம் விட்டு, 6½ அங்குல உயரமுள்ள ஆஃப் பிளேட்டில் 8½ அங்குல லென்ஸால் எடுக்கவேண்டுமானால் ஆளுக்கும் கேமராவுக்கும் நடுவே ஏறக்குறைய 10 அடி வேண்டும். நிழல் திரைச்சீலையில் விழாதிருக்க ஆளுக்குப் பின்னால் 3 அடியும், கறுப்புத் துணியைப் போர்த்துக்கொண்டு நிற்கக் கேமராவுக்குப் பின்னால் 3 அடியும் வேண்டும். ஆகவே முழு உருவப் படத்துக்குக் கேமரா தாழ்வாரத்தில் நின்று நிலைப்படி வழியாக உள்ளே பார்க்கும். குடும்பப் படம் என்றால் கொல்லையில் திரையைக் கட்டி, காலை எட்டு மணிக்குள் எடுத்து முடிப்பார். மார்பளவுப் படத்துக்கு மட்டும் அந்த அறை தாராளமாகப் போதும். இடம் போதவில்லை என்று அவர் புலம்பி நான் கேட்டதேயில்லை. அடிக்கோலை எடுத்து அளப்பார், அவ்வளவுதான்.

வெளிச்சம் வடக்கு ஜன்னலிலிருந்து வந்தது. அந்த ஜன்னலில் வெயில் நேராக விழாது என்பது சீமைப் புத்தகங்களின் உபதேசம். அது அந்தத் தேசத்துக்குப் பொருந்தும். காரைக்குடியோ பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருப்பதால், சித்திரை பிறந்தது முதல் ஆவணியின் முற்பகுதிவரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்காகவே செல்கிறான். அந்த மாதங்களில் அப்பா ஜன்னலுக்கு வெளியே மல் துணியை இரட்டையாகக் கட்டிவிடுவார்; எதிர்ப்பக்கத்துக் கன்னத்தில் நிழல் அதிகமாக விழுந்தால், சலவை வேஷ்டி ஒன்றை மூங்கில் சட்டத்தில் விரித்து என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வார். லைட் மீட்டர் என்ற கருவி நம் வீட்டுக்கு வந்தது வெகு காலத்துக்குப் பிறகுதான்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது தண்ணீர். டெவலப்பர் 68 டிகிரி பாரன்ஹீட்டில் இருக்கவேண்டும் என்று பெட்டியில் அச்சடித்திருக்கும்; நம் ஊரில் கோடையில் பானைத் தண்ணீர்கூட அதைவிட வெகுவாகச் சூடாயிருக்கும். சூட்டில் ஜெலட்டின் இளகி, பிளேட்டின் ஓரத்தில் சுருங்கி, சில சமயம் முகத்தோடு சேர்ந்தே வழிந்துவிடும். ஆகையால் பகலில் எடுத்த பிளேட்டுகளை விடிவதற்கு முந்தைய ஜாமத்தில், மண்பானைகளைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டிக் குளிரவைத்து, சிவப்புக் கண்ணாடி போட்ட மண்ணெண்ணெய் விளக்கின் எதிரில் அவர் கழுவுவார். ஜெலட்டின் இறுகுவதற்குப் படிகார நீரில் முக்கி எடுப்பார். ஹைப்போ என்ற ரசாயனம் போக அலசுவதற்குக் கிணற்று நீரே. ஆனால் அது உப்பாதலால், கடைசி அலசலுக்கு மாத்திரம் ஊருணியிலிருந்து ஒரு குடம் மழைநீரைச் சுமந்து வருவது என் பொறுப்பு. இன்றுவரை வெள்ளைப் படிவம் படாமல் இருக்கும் அந்த பிளேட்டுகளைப் பார்க்கும்போது, அந்த ஒரு குடத்துக்கு அவர் காட்டிய சிரத்தையை எண்ணி வணங்கத் தோன்றுகிறது.

அந்நாளைய பிளேட்டுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. குங்குமம் கரும்பொட்டாகவும், மஞ்சள் பூசிய முகமும் மாநிறமும் உள்ளதைவிட இருண்டும் விழும். அதனால்தான் ஸ்டுடியோக் கண்ணாடியின் அருகே எப்போதும் பவுடர் டப்பா இருந்தது. மிச்சத்தைக் கூர்மையான பென்சிலால் நெகடிவின் மேலேயே டச்சிங் செய்து சரிப்படுத்துவார். அம்மைத் தழும்பைக் குறைப்பாரேயன்றி வயதான பெண்களின் முகச்சுருக்கத்தை அழிக்க ஒப்பமாட்டார். பர்மாவிலும் மலாயாவிலும் இருக்கும் பிள்ளைகள் தாயைத் தேடித்தான் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள் என்பது அவர் வாதம், அது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். செட்டிநாட்டில் கடல் கடந்தவர் இல்லாத தெரு கிடையாது. அவர்களுக்குப் பாஸ்போர்ட்டுப் படம், அவர்கள் வீட்டாருக்குத் தபாலில் அனுப்பும் படம் – ஸ்டுடியோவின் அன்றாட வரும்படி பெரும்பாலும் இதுவே.

பிறகு மின்சாரம் வந்தது, என்லார்ஜர் வந்தது, பிளேட்டு போய் ஒரு சுருளில் 12 படம் எடுக்கும் பிலிம் வந்தது. 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் ஊட்டியில் உற்பத்தி செய்த ‘இந்து’ சரக்கையும் வாங்கினோம். கலர் வந்ததும் கழுவுகிற வேலை லேபுக்குப் போய்விட்டது. டார்க் ரூம் சாமான் அறையாயிற்று.

ஆனால் உன் கேள்விக்கு நேரான பதில் இதுவரை சொன்ன எதிலும் இல்லை. அப்பா ஒவ்வொரு நெகடிவையும் காகித உறையிலிட்டு, எண்ணிட்டு, பேரேட்டில் பெயர், ஊர், தேதி பதிந்து வைத்திருந்தார். ஒருவர் காலமானதும் அவர் வீட்டார் நம்மிடம்தான் வருவார்கள். எத்தனையோ ஆண்டுக்கு முந்தைய பாஸ்போர்ட்டு நெகடிவிலிருந்து மாலை போடுவதற்கான பெரிய படம் உருவாகும். மழைக்காலத்தில் புது வேலை நின்றபோதெல்லாம் அடுப்பு எரிந்தது அந்த மறுபிரதிகளால். மற்ற ஸ்டுடியோக்காரர் பலர் பிளேட்டைச் சுரண்டிவிட்டு, படங்களுக்குச் சட்டமிடும் கண்ணாடியாக விற்றுவிட்டார்கள்; அது எனக்குத் தீராத துக்கம். எஞ்சியவற்றைத் தேடிப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களை டிஜிட்டலாகப் பதிந்து பாதுகாத்திருக்கிறார்கள். அந்தப் புண்ணியவான்கள் நீடூழி வாழவேண்டும்.

ஆகையால் நீயும் முதல் நாளிலிருந்தே ஒரு பேரேடு போடு. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதிகளை இரண்டு இடங்களில் வை. யார், எந்த ஊர், எதற்காக எடுத்தது என்று எழுது. உன் அறையின் நீளம், அகலம், உத்தரத்தின் உயரம், ஜன்னல் உண்டானால் அது எத்திசை, உன் லென்ஸ் என்ன அளவு என்பவற்றை மறு கடிதத்தில் தெரிவித்தால், திரையை எங்கே மாட்டுவது, ஆளை எங்கே உட்காரவைப்பது என்று கணக்கிட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சின்னத் தாத்தா