திருத்தின காருக்கு ஏன் விலை குறையுது?

எங்கட பக்கம் வாகனம் விற்கிறவரிடம் கட்டாயம் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கு: "அடிபட்டதா?" ஓம் என்றால் அந்த இடத்திலேயே விலை விழும். இல்லை என்றால், கூட வந்த மெக்கானிக் பொனட்டையும் டிக்கியையும் திறந்து, நட்டில் சாவி பட்ட தடம் இருக்கா, ரப்பருக்குப் பின்னால புதுப் பெயின்ட் தெரியுதா என்று பார்ப்பார்.

அமிர்தகழியில் எங்கட வீட்டு விட்ஸ் காருக்கும் இதுதான் நடந்தது. போன வருஷம் மாமாங்கத் தீர்த்தத்துக்கு முந்தின கிழமை, வீதியோரம் நிறுத்தியிருந்த காரின் பின்பக்கத்தில் மீன் ஏற்றும் டிமோ பட்டா ஒன்று வந்து இடித்தது. சாரதி பொலிசில் பிழையை ஒப்புக்கொண்டார். எங்கட காப்புறுதிக் கம்பனி திருத்தச் செலவைத் தந்தது. கராஜில் டிக்கிக் கதவை மாற்றி, நெளிந்த இடத்தை இழுத்து நிமிர்த்தி, பெயின்ட் அடித்துத் தந்தார்கள். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

விற்கிற முடிவு விபத்துக்கு முதலே எடுத்தது. அக்காவுக்குக் கட்டுகிற வீடு சுவரோடு நின்றது. மட்டக்களப்பில் பெண்பிள்ளைக்கு வீடு இல்லாமல் கலியாணப் பேச்சு நகராது. அது சரியா பிழையா என்பதற்குத் தனிக் கட்டுரை வேணும். கூரைக்குக் காரைத்தான் நம்பியிருந்தோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார் பல வீடுகளுக்கு வங்கிப் புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. எங்கட புத்தகத்தில் 58 இலட்சம் இருந்தது. விபத்துக்குப் பிறகு வந்தவர்கள் 52க்கு மேல ஏறவில்லை.

சொல்லாமல் விற்கலாம் என்று புரோக்கர் சொன்னார். அப்பா விடவில்லை. "மறைச்சு வித்தா அந்த ஆறு லட்சத்தை வாங்கிறவன்ட தலையில வைக்கிறதுதானே" என்றார். அப்போ யாருடைய தலையில் வைப்பது?

காப்புறுதி அலுவலகத்தில், "அது தேய்மானம் தம்பி, பொலிசிக்குள்ள வராது" என்றார்கள். ஒப்பந்தத்தைப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. ஆனால் உயர்தரத்தில் கணக்கீடு படிக்கிற தங்கச்சிக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. தேய்மானம் காலத்தாலும் பாவனையாலும் வருவது. இன்னொருவரின் கவனயீனத்தால் ஒரே நாளில் போன காசுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

வேற நாடுகளில் இதற்குத் தனிப்பெயரே இருக்கு. ஜேர்மனியில் விபத்து மதிப்பீட்டாளர் திருத்தச் செலவை ஒரு வரியிலும், சந்தைப் பெறுமதி இழப்பை இன்னொரு வரியிலும் எழுதுவார். பிழை விட்டவரின் காப்புறுதி இரண்டையும் கட்டும். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில உயர் நீதிமன்றம் 2001இல் இன்னும் ஒரு படி மேலே போய், வாகனக்காரரின் சொந்தக் காப்புறுதிக் கம்பனியே இந்த இழப்பையும் மதிப்பிட வேணும் என்றது. அந்த வழக்கிலிருந்து வந்த கணக்கு காரின் பெறுமதியில் 10 வீதத்தில் தொடங்கி, சேதத்தையும் ஓடிய தூரத்தையும் பார்த்துக் குறைத்துக்கொண்டு போகும்.

இங்கே அப்படி ஒரு கணக்கு வழக்கத்தில் இல்லை. வழி இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. எங்கட நாட்டில் ஓடுகிற உரோமன் டச்சுச் சட்டப்படி, கவனயீனத்தால் ஒருவருக்கு வந்த பண இழப்பைப் பிழை விட்டவரிடம் கேட்கலாம். இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேணும். இழப்பை நிரூபிப்பது எங்கட பொறுப்பு.

சட்டத்தரணி ஒருவர் சொன்னபடி, விபத்துக்கு முன்பிருந்த பெறுமதிக்கும் திருத்தின பிறகுள்ள பெறுமதிக்கும் எழுத்தில் மதிப்பீடு எடுத்தோம். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கராஜ் பில், படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து மத்தியஸ்த சபைக்குப் போனோம். பட்டாக்கார அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "வாகனம்தான் திருத்திட்டீங்களே, பிறகென்ன காசு?"

அவர் பெரிய முதலாளி இல்லை. விடிய மூன்று மணிக்கு மீன் ஏற்றுகிறவர். அவரிடம் இருந்தது சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும். உயிருக்கும் உடம்புக்கும் ஏதும் நடந்தால் அது நிற்கும். எங்கட ஆறு இலட்சம் அதற்குள் வராது. ஜேர்மனியில் கம்பனி கட்டுகிற காசை இங்கே ஒரு மீன்காரரின் சட்டைப்பையில் இருந்து கேட்க வேண்டியிருந்தது. எங்களுக்கு நெஞ்சு இடித்தது. அதற்காகக் காசு எங்களுக்குத் தேவையில்லை என்றும் ஆகிவிடாது. கடைசியில் 3 இலட்சம், மாதம் 30,000 வீதம் பத்துத் தவணை என்று இணங்கினோம். இதுவரை ஒரு தவணையும் பிந்தவில்லை.

அக்காவின் வீட்டுக்கு ஓடு போடுகிற எண்ணம் போய், தகடு போட்டிருக்கிறோம்.

கேட்டால் முழுக்கக் கிடைக்கும் என்று சொல்ல மாட்டோம். வாகனம் அடிபட்டால் திருத்தக் கொடுக்க முதல் படம் எடுங்கள், பெறுமதியை எழுத்தில் வாங்குங்கள், இரண்டு வருஷத்தை மறக்காதீங்க. குறைந்த விலையை யாரோ ஒருவர் கட்டத்தான் போறார். விற்கிற நீங்களும் தெரியாமல் வாங்கிறவரும் மட்டும்தான் அந்த யாரோ என்று முதலே முடிவு கட்டாதீங்க.