இந்தூர் வெற்றியும் நத்தம் மைதானமும்

ஒரு விளையாட்டு அணியின் தரத்தை ஓர் ஆட்டத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆண்டின் குறிப்பிட்ட சில மாதங்களுக்குள் அந்த அணி அடுத்தடுத்து ஆடும் ஆட்டங்களின் தொகுதியை, அதாவது ஆட்டப் பருவத்தை, முழுமையாக எடுத்துக்கொண்டு பார்க்கும்போதுதான் அதன் வலிமை புலப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் முதன்மையான பேஸ்பால் அணிகள் ஒரு பருவத்தில் 154 ஆட்டங்கள் ஆடின. தோல்விகளை ஈடுசெய்ய அவற்றுக்குக் கால அவகாசம் தாராளமாக இருந்தது. அதே காலத்தில் இந்திய மாநில அணிகளுக்கிடையே நடைபெற்ற ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட் போட்டியிலோ, தோற்ற அணி உடனே வெளியேறும் முறையே நடைமுறையில் இருந்தது. மண்டலத்துக்குள் ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளுடன் ஆடும் சுழல்முறை 1957-58இல்தான் வந்தது. ஆகவே 1954-55ஆம் ஆண்டுப் பருவத்தில் சென்னை மாநில அணி முதன்முறையாகக் கோப்பையை வென்றதைப் பற்றிப் பேசுவோர், ஒரே ஒரு தோல்வி நேர்ந்திருந்தாலும் அந்தப் பருவம் அங்கேயே முடிந்திருக்கும் என்பதை முதலில் கருத்தில் கொள்ள வேண்டும்.

அந்த வெற்றிக்கு முன் இருபது ஆண்டுக் காத்திருப்பு இருந்தது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4 அன்று சென்னை நகரின் சேப்பாக்கம் மைதானத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடைபெற்றது, ஏ.ஜி. ராம்சிங் இரண்டு இன்னிங்ஸ்களிலும் சேர்த்து 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளை வீழ்த்த, அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. (ஓர் அணி ஒருமுறை முழுமையாக மட்டை பிடிப்பது ஓர் இன்னிங்ஸ், இத்தகைய ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு உண்டு.) இவ்வளவு சிறப்பாகத் தொடங்கிய அணி 1935-36இல் பம்பாயிடமும் 1940-41இல் மகாராஷ்டிராவிடமும் இறுதியாட்டங்களில் தோற்றது. ராம்சிங்குக்கு இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடும் வாய்ப்பு ஒருமுறையும் கிட்டவில்லை. அந்தத் தலைமுறைக்கு இழைக்கப்பட்ட அநீதிகளுள் இதுவும் ஒன்றென்றே கருத வேண்டும்.

தந்தைக்குக் கிட்டாதது மகனுக்குக் கிட்டியது. ராம்சிங்கின் மகன் ஏ.ஜி. கிருபால்சிங் 1954-55 பருவத்தில் இருபத்தொரு வயது இளைஞர். அப்பருவத்தில் திருவிதாங்கூர்-கொச்சி அணிக்கு எதிராக 208 ஓட்டங்களும், அரையிறுதியில் வங்காளத்துக்கு எதிராக 98, 97 ஓட்டங்களும் எடுத்தார். இறுதியாட்டம் எதிரணியான ஹோல்கரின் சொந்த ஊராகிய இந்தூரில் நடைபெற்றது. அங்கும் அவர் 75, 91 ஓட்டங்கள் எடுத்ததோடு பந்துவீச்சிலும் கைகொடுத்தார். அணியின் தலைவர் பாலு அழகண்ணன்; டெஸ்ட் அனுபவம் பெற்ற சி.டி. கோபிநாத்தும் உடன் இருந்தார். முதலில் மட்டை பிடித்த சென்னை 478 ஓட்டங்கள் எடுத்தது. ஹோல்கர் 417 எடுத்தது. சென்னையின் இரண்டாம் இன்னிங்ஸ் 311இல் முடிந்தது. 373 ஓட்டங்கள் என்ற கடின இலக்கை நோக்கிப் புறப்பட்ட ஹோல்கர் 326 வரை வந்து வீழ்ந்தது. நான்கு இன்னிங்ஸ்களில் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட ஓட்டங்கள் குவிந்த ஆட்டத்தில் இரு அணிகளையும் பிரித்தவை வெறும் 46 ஓட்டங்கள் என்பதே, அது எவ்வளவு நெருக்கமான போராட்டம் என்பதற்குப் போதிய சான்று.

வென்ற அணியின் பெருமை தோற்ற அணியின் தகுதியால்தான் முழுமையாக விளங்கும். இந்தூர் அரசரின் ஆதரவில் வளர்ந்த ஹோல்கர் அணி நான்கு முறை கோப்பையை வென்றிருந்தது. இந்தியாவில் அப்போது கிரிக்கெட் முழுநேரத் தொழிலாக இருக்கவில்லை; ஆயினும் ஹோல்கர் அரசர் தம் ஆட்டக்காரர்களுக்குச் சமஸ்தானப் படையில் பதவி அளித்து, ஆட்டத்தையே வாழ்வாதாரமாகக் கொள்ள வழிசெய்தார். சி.கே. நாயுடு கர்னல் என்றும் முஷ்டாக் அலி கேப்டன் என்றும் அழைக்கப்பட்டது இந்த ஏற்பாட்டால்தான். தொழில்முறை அணிக்கு அந்நாளைய இந்தியாவில் இதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. அந்த அணி அப்பருவத்தோடு மறைந்தது. மறு பருவம் முதல் அதன் இடத்தில் மத்திய பாரத அணி ஆடியது. சமஸ்தானங்கள் மறைந்த பின் அரச ஆதரவில் இயங்கிய அணியும் நிலைக்க முடியவில்லை. சென்னையின் முதல் கோப்பை, ஆக, ஒரு யுகத்தின் கடைசி ஆட்டத்தில் பெறப்பட்டது. கிருபால்சிங் அதே 1955ஆம் ஆண்டின் நவம்பரில் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிரான தம் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 100 ஓட்டங்கள் எடுத்தார்.

இந்த வெற்றியை அன்றைய திண்டுக்கல் வட்டாரம் எவ்வாறு அறிந்திருக்கும் என்பது சிந்திக்கத்தக்கது. பூட்டுக்கும் தோல் பதனிடுதலுக்கும் புகையிலைக்கும் பெயர்பெற்ற இந்நகரம் அப்போது மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. தனி மாவட்டமானது 1985இல்தான். சேப்பாக்கத்து ஆட்டம் இங்குள்ளோருக்குக் கண்ணால் காண்பதற்குரியதாக இருக்கவில்லை. நாளிதழின் ஒரு பத்தியாகவும் வானொலியின் குரலாகவுமே அது வந்து சேர்ந்தது. அந்தக் குரலைத் தந்தவர்களுள் அதே அழகண்ணனும் ஒருவராக விளங்கியது இந்த வரலாற்றின் மிக இனிய பகுதி. இந்தூரில் கோப்பை ஏந்திய தலைவர், பிற்காலத்தில் வானொலி வர்ணனையாளராக, ஆட்டத்தின் ஒவ்வோர் அசைவையும் எடுத்துரைத்து, மைதானத்துக்கு வர இயலாதோருக்கும் கிரிக்கெட்டைக் கொண்டு சேர்த்தார். கோப்பையைவிட இதுவே அவருடைய பெரிய கொடை என்று சொல்லத் தோன்றுகிறது.

குரலாக வந்த ஆட்டம் மைதானமாக வருவதற்கு மேலும் பல பத்தாண்டுகள் பிடித்தன. இடையில், தமிழ்நாடு என்று பெயர் மாறிய அதே அணிக்கு, 1987-88இல் எஸ். வாசுதேவன் தலைமையில் இரண்டாவது ரஞ்சிக் கோப்பை கிட்டியது. சிறுமலைக்குக் கிழக்கே, மாந்தோப்புகளும் புளியமரங்களும் நிறைந்த, திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் பகுதியில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம் இப்போது தமிழ்நாட்டு அணியின் களங்களுள் ஒன்று. 2019 டிசம்பரில் அங்கு நடைபெற்ற ரஞ்சி ஆட்டத்தில் 181 ஓட்டங்கள் என்ற எளிய இலக்கைத் துரத்திய தமிழ்நாடு, கர்நாடகத்தின் கே. கௌதம் எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தியதால் 154இல் சுருண்டு, 26 ஓட்டங்களில் தோற்றது. பல நாள் ஆட்டத்தின் இறுதி நேரத்துப் பதற்றத்துக்கு இந்தூரிலிருந்து நத்தம் வரை இலக்கணம் ஒன்றேதான்.

திண்டுக்கல்லின் பெயரைத் தாங்கிய திண்டுக்கல் டிராகன்ஸ் அணி, ஓர் அணிக்கு இருபது ஓவர்கள் மட்டுமே கொண்ட தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஆர். அஸ்வின் தலைமையில் 2024இல் கோப்பையை வென்றது. ஊதியம் பெறும் ஆட்டக்காரர்களும், ஊரின் பெயரும், ஒரு பருவமும் ஒருங்கே அமைந்த முழுமையான தொழில்முறை அணி இன்று இவ்வூருக்கு வாய்த்திருக்கிறது. அதனால் பிறக்கும் மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் மூன்று மணி நேரத்தில் முடியும் ஆட்டம் கிருபால்சிங்கின் 98, 97 ஓட்டங்களில் தெரிந்த பொறுமையை ஒருபோதும் கற்பிக்காது. திண்டுக்கல் பள்ளிகளின் ஆசிரியர்களும் பெற்றோரும், நத்தத்தில் அடுத்த ரஞ்சி ஆட்டம் நடைபெறும்போது, பிள்ளைகளை ஒரு நாளேனும் அங்கே அழைத்துச் சென்று, காலை முதல் மாலை வரை அந்த ஆட்டத்தைப் பார்க்கச் செய்ய வேண்டும்.