ஒன்றேகால் இஞ்ச்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில், துணிகளை ஆல்ட்டர் செய்து தரும் சின்னக் கடையில் வேலை பார்க்கிறார் அவர். சொந்த ஊர் திருப்பூர். பனியன் கம்பெனியில் பத்து வருடம் சாம்பிள் டெய்லராக இருந்தவர். ஒரு நாள் ராத்திரி, பதினாறு வயது மகன் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அடுத்த மாசம் ஒரு டோர்னமென்ட் இருக்கும்மா. பேர் குடுத்துட்டேன்" என்றான். அவர் கால்பந்து என்றுதான் நினைத்தார்.

கால்பந்து இல்லை. பொம்மை!

வார்ஹாமர் 40,000 என்பது அந்த விளையாட்டின் பெயர். 1987-ல் வந்தது. அதைத் தயாரிக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் தலைமையகம் நாட்டிங்ஹாமில்தான் இருக்கிறது. பெருவிரல் உயரப் பிளாஸ்டிக் வீரர்களைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து, ஒட்டி, வர்ணம் தீட்டி, ஒரு படையாகச் சேர்க்க வேண்டும். பிறகு மேஜையில் இடிந்த கட்டட மாதிரிகளை வைத்து, எதிரே இன்னொருவர் படையை நிறுத்தி, பகடை உருட்டிப் போரிட வேண்டும். மகன் தன் படையைச் சேர்க்க மூன்று வருடம் ஆனது. பிறந்த நாள் பணம், தாத்தா அனுப்பிய பணம் எல்லாம் அதில்தான் போயிருக்கிறது.

அவன் இதுவரை ஆடியது ஒரே ஒரு நண்பனோடு, அந்த நண்பன் வீட்டு கார் ஷெட்டில். நண்பனின் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அதன் பிறகு பையன் வீட்டில் பேசுவதே குறைந்துபோனது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதனால், "பழகறதுக்கு ஆள் இல்லம்மா, நீங்க எதிர்ல நிப்பீங்களா?" என்று அவன் கேட்டதும், வேலை முடிந்து வந்த கால்வலியையும் மறந்து சரி என்று சொல்லிவிட்டார்.

ஆடுகளத்தின் அளவு 60 இஞ்ச்சுக்கு 44. பழைய பச்சைப் படுக்கை விரிப்பை இஞ்ச் டேப் வைத்து அளந்து வெட்டினார். டெய்லர் டேப்பும் சரியாக 60 இஞ்ச். நீளவாக்கில் ஒரே இழுப்பில் அளந்துவிட்டார். ஹால் தரையில் விரித்தாயிற்று.

சதுரங்கத்தில் கட்டம் இருக்கிறது. ஆடு புலி ஆட்டத்தில் கோடு இருக்கிறது. இந்த விளையாட்டில் இரண்டும் கிடையாது. சாதாரண வீரன் ஒரு முறைக்கு 6 இஞ்ச் நகரலாம் என்றால், டேப்பை வைத்து 6 இஞ்ச் அளந்து நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். இந்த வழக்கம் புதிதும் இல்லை. ‘டைம் மெஷின்’ எழுதிய எச்.ஜி.வெல்ஸ், 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று பொம்மைப் போருக்கே ஒரு புத்தகம் போட்டார். அதில் காலாள் ஓர் அடி, குதிரைவீரன் இரண்டு அடி.

இரண்டாம் நாள் ராத்திரிதான் அவர் கண்ணில் அது பட்டது. மகன் டேப்பின் நுனியைப் பொம்மையின் முன்பக்கம் வைத்தான். 6 என்ற இடத்தைப் பார்த்தான். பொம்மையைத் தூக்கி, 6-க்கு அந்தப் பக்கம் வைத்தான்.

"கண்ணு, இதென்ன கணக்கு? முன்னாடி ஓரத்துல ஆரம்பிச்சு, பின்னாடி ஓரத்துல முடிக்கறே. சட்டைக்கு இப்படி அளந்தா போடறவனுக்கு ரெண்டாள் சட்டை ஆயிரும்."

பொம்மை நிற்கும் வட்டத் தட்டை பேஸ் என்கிறார்கள். சாதாரண வீரனின் பேஸ் 32 மில்லிமீட்டர். அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் இஞ்ச். பேஸின் எந்தப் பகுதியும் அனுமதித்த தூரத்துக்கு மேல் நகரக் கூடாது என்பது விதி. முன்விளிம்பில் தொடங்கினால் முன்விளிம்பில்தான் முடிக்க வேண்டும். மகன் செய்தபடி பார்த்தால் 6 இஞ்ச் நகர்வு ஏழேகால் ஆகிவிடும். ஓர் ஆட்டத்துக்கு ஐந்து சுற்று. ஐந்து ஒன்றேகால், ஆறேகால். ஒரு முழு நகர்வு கொசுறாகக் கிடைத்த மாதிரி!

பையனின் முகம் சுருங்கிப்போனது. "அப்ப இவ்வளவு நாள் நான் ஏமாத்திட்டு இருந்தேனா?" என்றான். நண்பனும் அப்படித்தானே அளந்தான் என்று அவர் கேட்டார். ஆமாம், இரண்டு பேரும் அப்படித்தான். இரண்டு பக்கமும் ஒரே தப்பு என்றால் ஷெட்டில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் முன்பின் தெரியாதவர் எதிரே இப்படிச் செய்தால், அதற்கு அங்கே வேறு பேர். டோர்னமென்ட்டுக்கு வரவில்லை என்று எழுதிவிடுகிறேன் என்றான் மகன். மறுநாள் முழுக்க அறைக் கதவு சாத்தியே இருந்தது.

அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கடையில் மிஞ்சிய பேட்டர்ன் அட்டையை எடுத்து ஒரு இஞ்ச், இரண்டு இஞ்ச், ஆறு இஞ்ச் என்று துண்டுகள் வெட்டினார். துணி டேப் பழசானால் இழுபட்டு நீளும், ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்த்தால் தெரியும். அட்டை இழுபடாது. துண்டுகளைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டார். ராத்திரி மகன் விதிப் புத்தகத்தோடு வெளியே வந்தான்.

அதன் பிறகு கேள்வி கேட்கும் வேலை அவருடையது. தெரியாதவர் கேட்கும் கேள்விதான் விதியின் சந்துபொந்தை எல்லாம் காட்டிக்கொடுக்கும். 2023-ல் வந்த பத்தாம் பதிப்பு விதிகளை மகன் தமிழில் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. அவன் இவ்வளவு தமிழ் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

"வளைஞ்சு போனா?" போகும் பாதை முழுக்கக் கணக்கு. நேர்கோட்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பது கணக்கில்லை.

"ஓடக் கூடாதா?" ஓடலாம். ஒரு பகடை உருட்டி, விழுந்ததை இஞ்ச்சாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த முறை எதிரி மேல் பாய முடியாது. சில துப்பாக்கிகளைத் தவிர மற்றவற்றால் சுடவும் முடியாது.

"கூட்டமா போறவங்க பிரிஞ்சா?" ஐந்து பேர் குழு என்றால், ஒவ்வொருவரும் கூட்டாளி ஒருவருக்கு இரண்டு இஞ்ச்சுக்குள் இருக்க வேண்டும். குழு ஏழு பேரோ அதற்கு மேலோ என்றால், இரண்டு கூட்டாளிகளுக்குப் பக்கத்தில். சாதாரண நகர்வில் எதிரிக்கு ஒரு இஞ்ச் கிட்டே போகக் கூடாது.

இடிந்த கட்டடத்தின் சுவருக்குள் காலாட்படை நேராகப் புகுந்து அந்தப் பக்கம் போகலாம், நடுச்சுவரில் நிற்கத்தான் கூடாது என்றபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. "செவுத்துக்குள்ள பூந்து போவானா சாமி?" டாங்கிக்கு அந்தச் சலுகை இல்லை, சுற்றித்தான் போக வேண்டும். வட்ட பேஸ் இல்லாத டாங்கி திரும்பினால் நகர்வில் 2 இஞ்ச் கழியும். ஒரு நகர்வில் எத்தனை முறை திரும்பினாலும் ஒரு தடவைதான் கழிப்பார்கள். இது 2024-ல் சேர்த்த திருத்தம், மகனுக்கே புதுசு. மாடி ஏறினால் ஏறும் உயரமும் அந்த 6 இஞ்ச்சில்தான் சேரும்.

விதியை விட வாயைத் திறக்கவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. டோர்னமென்ட்களில் நல்ல ஆட்டக்காரர்கள் பொம்மையைத் தொடும் முன்பே, ‘உங்கள் டாங்கியிலிருந்து 12 இஞ்ச் தாண்டி நிற்கிறேன், சரிதானே?’ என்று சத்தமாகச் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுவார்கள். பின்னால் தகராறு வராது. மகனோ பேசாமல் நகர்த்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும் ரகம். "எனக்குக் கேக்கல" என்று அவர் ஒவ்வொரு நகர்வையும் திரும்ப வைக்கச் சொன்னார். ஒரு ராத்திரி கோபம் வந்து பொம்மையைத் தட்டிவிட்டான். வாள் ஒடிந்தது. அவரே ஒட்டிக்கொடுத்தார், கொஞ்சம் கோணலாக.

சனிக்கிழமை டோர்னமென்ட். அவருக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. மூன்று ஆட்டமும் முடிந்து சாயங்காலம் அவர் போனபோது, மகன் படையைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு தோல்வி, ஒரு வெற்றி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவனாகவே ஆரம்பித்தான்.

"ரெண்டாவது ஆட்டத்துல அவரு மாடிக்கு ஏறினாரும்மா. நாலு இஞ்ச் ஏறி, அதுக்கப்புறம் ஆறு இஞ்ச் முன்னாடி."

"ஏறுனது கணக்கில்லையாமா?"

"அவரு பொய் சொல்லல. அவங்க வீட்ல அப்படித்தான் ஆடுவாங்களாம்."

"நீ என்ன சொன்னே?"

"நடுவரைக் கூப்பிடலாமான்னு கேட்டேன். வந்தாரு. நான் சொன்னதுதான் சரின்னுட்டாரு." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான். "அந்த ஆட்டத்துல தோத்துட்டேன். பகடை சரியில்ல."

"அந்தாளு கோவிச்சுக்கிட்டாரா?"

"இல்லம்மா. அடுத்த வாரம் ஆட வரச் சொன்னாரு. உங்க அட்டையைப் பார்த்துட்டு எங்க வாங்கினேன்னு கேட்டாரு. ஆறு இஞ்ச்சை அவருக்குக் குடுத்துட்டேன். எனக்கு இன்னொண்ணு வெட்டித் தரணும்."