முன்பணம்

எங்க தெருவுக்குத் தெரிந்த பணமெல்லாம் முன்பணம்தான். வேலைக்கு முன்னாடி கைக்கு வரும். அப்புறம் ஆளை விடாது. காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டுக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். மறுகரைக்கு நாடா தள்ள ஒரு சின்னக் கை போதும். 1997இல் எங்க அக்காவின் கை அதற்குப் போனது. ஒன்பது வயசு. நைனா வாங்கினது இரண்டாயிரம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்தாச்சு. தறிக்குழிக்குள் இறங்கி அதை யார் படித்துக் காட்டினார்கள்?

வேலை செய்த பின்னால் சேர்ந்து நிற்கிற பணத்தை எங்க வீட்டில் முதலில் பார்த்தவன் தம்பி. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் வெல்டர். மாசாமாசம் சம்பளத்தில் நூற்றுக்கு 12 பி.எஃப். பிடித்தம். முதலாளியும் 12 போடணும். அதில் ஒரு பங்கு பென்ஷன் கணக்குக்கு.

போன வருஷம் துபாய் வேலை வந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவன் பி.எஃப். முழுசையும் எடுக்க விதியில் இடம் உண்டு. ஆள் அனுப்பும் ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது அரசாங்கக் கணக்கு. இந்த ஏஜென்ட் கேட்டது ஒன்றரை லட்சம். ரசீது கிடையாது.

எம்.ஏ. தமிழ் படித்த நான்தான் படிவம் நிரப்பினேன். திரும்பி வந்தது. கம்பெனிப் பதிவில் நைனா பேர் குப்பன், ஆதாரில் குப்புசாமி. ஊர்க்காரர்கள் எந்தக் காலத்தில் எங்களுக்குச் 'சாமி' சேர்த்துக் கூப்பிட்டார்கள்? அந்த இரண்டு எழுத்துக்காகத் தம்பியும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, இரண்டு மாசம் அலைந்தோம்.

பென்ஷன் பணம் மிச்சமிருந்தது. பத்து வருஷ சர்வீஸ் இருந்தால்தான் 58 வயசில் மாசப் பென்ஷன். அதற்குள் விலகுகிறவன் 10சி படிவத்தில் பணமாக வாங்கலாம். இல்லையென்றால் சான்றிதழ் வாங்கி வைத்து, திரும்பி வந்து இன்னொரு வேலையில் தொடரலாம்.

"அதையும் எடுத்துடலாம்ணா. வட்டிக்கு வாங்க வேணாமே" என்றான் தம்பி.

அக்கா கம்மலைக் கழற்றி வைத்தாள். "அதத் தொடாதடா. இந்த வயசுலயும் நைனா களத்துக்குப் போறாரே, பாக்கலியா?"

பி.எஃப். பணம் ஏஜென்ட் கைக்குப் போனது. அன்றைக்கு முன்பணம் வாங்கி அடிமையானோம். இன்றைக்கு முன்பணம் கொடுத்துக் கூலியாகப் போகிறோம். சான்றிதழ் மட்டும் அக்காவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. ஏழு வருஷம். அதை எந்த ஆண்டையும் கொடுக்கவில்லை.