பல கை வரைந்த ஒரு படம்

சிறு குழந்தை கோலெடுத்து மணலிற் கீறுங்கால், அதனைக் கிறுக்கல் என்று நகைப்பது உலக வழக்கு. ஆயினும் அக்கிறுக்கலுக்கும் ஒரு முறைமை உண்டு. இரண்டு வயதுக் குழந்தை தோளிலிருந்து கையை வீசிக் கோடிழுக்கும். மூன்று வயதளவிற் கோட்டின் இரு முனையுங் கூடி வட்டமாகும். நான்கு வயதளவில் அவ்வட்டத்திற்குக் கண்ணும் வாயுந் தோன்றித் தலையினின்றே கால்கள் முளைக்கும். அதுவே அக்குழந்தை கண்ட தாய். வியன்னா நகரில் 1897-ஆம் ஆண்டு சிறுவர்க்கென ஓவிய வகுப்புத் தொடங்கிய பிரான்ஸ் சிசெக் என்பார், பெரியோர் முறையைச் சிறுவர்மேற் சுமத்தலாகாது என்னுங் கொள்கையினர். தனியே வரையுங் குழந்தைக்கு இது தெளிவு. பல குழந்தைகள் கூடி ஒரே படத்தை வரையின் யாது நிகழும்? இதனைக் காணும் விருப்பத்தோடு மாணாக்கர் அறுவர் அண்மையில் ஓர் அங்கன்வாடிக்குச் சென்றோம்.

அங்கன்வாடிகள், 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் வழி வந்தவை. தாயர் வேலைக்குச் செல்லும் பொழுதிற் பிள்ளைகளுக்கு அதுவே நிழல். யாம் சென்ற இடத்தில் 2 முதல் 5 வயது வரையுள்ள 14 குழந்தைகள் இருந்தனர். பழைய வேட்டிகள் இரண்டை இணைத்துத் தரையில் விரித்தோம். குழந்தைகள் விரலை வாயில் வைப்பராதலின், சமையலறைப் பொருள்களையே நாடினோம். அரிசிமாக் கஞ்சியை மூன்று பங்காக்கி, ஒன்றில் மஞ்சட்பொடியும், ஒன்றிற் பீட்ரூட் சாறும், ஒன்றிற் சங்குப்பூ ஊறிய நீருங் கலந்தோம்.

முதலில் ஒவ்வொரு குழந்தையுந் தன் முன்னுள்ள இடத்திலேயே வரைந்தது. நான்கு வயதுப் பெண்ணொருத்தி மஞ்சளாற் தன் தாயை வரைந்து முடித்தாள். அருகிருந்த சிறுவன், இரண்டரை வயதினன், நீலந் தோய்ந்த கையை அதன்மேல் வீசிவிட்டான். பெண் கதறி அழுதாள். துணியைக் கட்டங்களாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தால் என்ன என்று எம்முள் ஒருவர் வினவினார். விடையளிக்குமுன் அழுகை நின்றது. மஞ்சளும் நீலமுங் கூடிய இடத்திற் பச்சை பிறந்திருந்தது. அதனை விரலால் தொட்டுப் பார்த்த பெண், நீலக் கிண்ணத்தைத் தானே சிறுவன் பக்கம் நகர்த்தினாள்.

பிற்பகலில், பெற்றோர் வருமுன் வெற்றிடங்களிற் பூவும் இலையும் வரைந்து படத்தை அழகுறச் செய்யுமாறு பணியாளர் அம்மையார் எம்மைக் கேட்டுக்கொண்டார். பலநாள் உழைப்பை ஊரார்க்குக் காட்டும் ஆவல் அவர்க்கு இருந்தது இயல்பே. எனினும், எம் கை பட்டால் அது எம் படமாகிவிடும் என்று பணிவுடன் கூறினோம். அவரும் சிறிது நேரஞ் சிந்தித்து இசைந்தார்.

மாலையில் அப்பெண்ணின் தாய் வந்து, “எது நீ வரைந்தது?” என்று கேட்டார். குழந்தை மஞ்சள் வட்டத்தைக் காட்டி, “இது நீ” என்றாள். பச்சையைக் காட்டிச் சிறுவனின் பெயரைச் சொன்னாள். தாய் சிறுவனைத் தேடிச் சென்று அவன் கன்னத்தைத் தடவினார்.

கூடி வரையும் படத்தில் நம் கோட்டின்மேற் பிறர் கோடு விழுதல் திண்ணம். விழுந்தபின் ஆங்கு யாது பிறந்தது என்று நோக்கும் பொறுமையைக் குழந்தை தானே அடைதல் வேண்டும். அதற்குரிய காலத்தை அளித்தலே பெரியோர் கடன். மஞ்சளுஞ் சங்குப்பூவும் வெயிலில் விரைவில் வெளிறும் இயல்பின. அவ்வேட்டியும் வெளிறும். அப்பொழுது அதனை மீண்டும் விரித்து வரைதற்கு இடமுண்டாகும்.